சைக்கிள் விளக்கைத் திருப்பிக் கொடு

சுங்கை சிப்புட்
ஞாயிறு மாலை, நல்ல மழை

அன்புள்ள மணியம்,

பசியாறினாயா என்று கேட்டுத் தொடங்கலாம் என்றால் இது எந்த நேரத்தில் உன் கைக்கு வந்து சேருமோ தெரியவில்லை. புலனத்தில் நீ அனுப்பும் காலை வணக்கப் படங்களுக்கெல்லாம் ஆறு மாதமாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறேன். அது பதில் ஆகாது என்று எனக்கும் தெரியும். திட்ட வேண்டியதைத் தீபாவளிக்கு வரும்போது நேரில் திட்டு. வீட்டில் எல்லாரும் நலம். என் சர்க்கரை இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக்கொட்டகை இருந்த இடத்தில் குடியிருப்புத் தாமான் வந்துவிட்டது. நாம் விழுந்து எழுந்த அந்த மேட்டில் இப்போது ஒருவர் போர்ச்சில் இரண்டு கார் நிறுத்துகிறார். ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ எனக்கு ஒரு சைக்கிள் விளக்கு பாக்கி.

சிரிக்காதே, முழுக்கப் படி. நம் எஸ்டேட்டில் கணக்கு எழுதிய கிராணி ஐயா காரியம் முடிந்த மாதத்தில் அவர் மகள் கூப்பிட்டனுப்பினார். வீட்டைக் காலி செய்கிறார்களாம், "இதெல்லாம் உங்களுக்குத்தான் அண்ணே புரியும்" என்று ஒரு பிஸ்கட் டின்னைக் கையில் கொடுத்தார். உள்ளே மூன்று செக்ரோல் புத்தகங்கள். எஸ்டேட்டில் மிஞ்சிப்போன காலிப் புத்தகங்கள்தான். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று எழுதவேண்டிய கட்டங்களில் மனிதர் நம் ஆட்டங்களை எழுதி வைத்திருக்கிறார்! தேதி போட்டு, யார் வெள்ளை, யார் கறுப்பு என்று, அந்த முத்து முத்தான கையெழுத்தில். நீ யானையை இலவசமாகக் கொடுத்த ஆட்டமும் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் "பாவம்" என்று எழுதியிருக்கிறார்.

இரண்டாவது புத்தகத்தில் 1986. பந்தய ஆட்டம். உனக்கு ஞாபகம் இல்லை என்று சொன்னால் நம்பமாட்டேன். உன்னிடம் ராஜா, ஒரு மந்திரி, ஓரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சிப்பாய். என்னிடம் மொட்டை ராஜா மட்டும். நான் யோசித்துக்கொண்டிருக்க, நீ உன் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த செஸ் பெட்டியில் அதே நிலையை அடுக்கினாய். அது ஐந்து சிப்பாய் அளவுக்கு வெள்ளைக்கு மேல் என்று எண் காட்டியது. "பாத்தியா, மெஷினே சொல்லிருச்சு" என்றாய். நான் ராஜாவைச் சாய்த்தேன். மறுநாள் சைக்கிளிலிருந்து டைனமோ விளக்கைக் கழற்றிக் கொடுத்தேன். ஒரு வருடம் இருட்டில் செம்மண் ரோட்டில் மிதித்தேன்.

கிராணி ஐயா அந்தப் பக்கத்தில் நிலையைப் படமாக வரைந்திருக்கிறார். கீழே "கறுப்பு சரண்" என்று எழுதி, பக்கத்தில் சிவப்புப் பென்சிலில் ஒரு கேள்விக்குறி.

அந்தக் கேள்விக்குறி இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. பலகையை எடுத்து அடுக்கினேன். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. உன் சிப்பாய் ராணியாகவேண்டிய மூலை கறுப்புக் கட்டம். உன் மந்திரியோ குறுக்காகவே போகிறவர், வெள்ளைக் கட்டத்தைவிட்டு மாறாதவர். அந்த மூலையை அவரால் ஆயுசுக்கும் தொட முடியாது. என் ராஜா அந்த மூலைக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தால் போதும். நெருக்கினால் நகரக் கட்டமில்லாமல் போய் ஆட்டம் டிரா. ஓரத்தில் இரண்டு சிப்பாய் இல்லை, நான்கு சிப்பாய் இருந்தாலும் கதை அதேதான். உன் பெட்டி என்ன செய்தது? மந்திரிக்கு மூன்று, சிப்பாய்க்கு ஒன்று ஒன்று, ஆக ஐந்து. மளிகைக்கடைக் கணக்கு. அதை நம்பித்தான் நான் சரணடைந்தேன்.

இதில் நான் தனியாள் இல்லை என்பதுதான் ஒரே ஆறுதல். 1997 மே மாதம் டீப் புளூ என்ற செஸ் கம்ப்யூட்டரோடு ஆடிய இரண்டாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் 45ஆவது நகர்த்தலில் சரணடைந்தார். தொடர்ந்து செக் கொடுத்தே அதை டிரா செய்திருக்கலாம் என்று அப்போது ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். எதிரே இருப்பது இயந்திரம், இவ்வளவு தெளிவான வழியை அது பார்க்காமல் விட்டிருக்காது என்று நினைத்துவிட்டார் மனிதர். உலக சாம்பியனுக்கே அந்தக் கதி. சுங்கை சிப்புட் பையனுக்கு ஒரு விளக்கு போனது பெரிதில்லை என்று நீ சொல்வாய். எனக்குப் பெரிது.

அதிலிருந்து ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது. ஆட்ட முடிவுகளில், செஸ் ஆடும் இந்த கம்ப்யூட்டர் எஞ்சின்களுக்கு உண்மையிலேயே என்ன தெரியும் என்று ராத்திரியெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறேன். மனைவி, "ரிட்டயர் ஆனவங்க எல்லாம் கோழி வளக்கறாங்க" என்கிறார்.

மணியம், நாம் நினைத்த மாதிரி இல்லை இது. டேபிள்பேஸ் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் யோசனையே கிடையாது. மேட் ஆகி முடிந்த நிலைகளை முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு ஒரு நகர்த்தல் முன்னால் என்னென்ன நிலை, அதற்கும் முன்னால் என்ன என்று பின்னோக்கியே நடந்து எல்லாவற்றையும் பதிந்துவிடுகிறார்கள். கிராணி ஐயாவின் செக்ரோல் மாதிரிதான். ஒரு பெயர் விடாமல் எல்லாம் அதில் இருக்கும். இன்றைக்குப் பெரட்டுக்கு யார் வரவில்லை என்று கேட்டால் தப்பில்லாமல் சொல்லும். ஏன் வரவில்லை என்று கேட்டால் புத்தகத்துக்கு என்ன தெரியும்?

1970களின் கடைசியில் கென் தாம்சன் என்பவர் ராணிக்கு எதிராக யானை என்ற முடிவுக்கு இப்படி ஒரு பதிவு செய்தார். ராணி வைத்திருப்பவர் சுலபமாக ஜெயிப்பார் என்றுதான் எல்லாப் புத்தகமும் சொல்லும். அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் வால்டர் பிரவுன் 100 டாலர் பந்தயம் கட்டி ராணியோடு உட்கார்ந்தார். சரியாக ஆடினால் 31 நகர்த்தலில் முடியவேண்டிய நிலை. 50 நகர்த்தலுக்குள் முடியவில்லை. யானையை ராஜாவை ஒட்டியே வைப்பதுதான் மனிதப் பழக்கம். இயந்திரம் அதைத் தூக்கித் தூர எங்கேயோ கொண்டுபோய் வைத்தது. மனிதர் திணறிவிட்டார். பிறகு உட்கார்ந்து படித்துத் திரும்ப வந்து ஆடினார், சரியாக ஐம்பதாவது நகர்த்தலில் யானையைப் பிடித்தார். எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது தடவைதான். தோற்றவன் வீட்டுக்குப் போய்ப் பலகையை விரித்திருக்கிறான் பார்.

இன்றைக்கு இரண்டு ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய் வரைக்கும் முழுப் பதிவு வந்துவிட்டது. 2012இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் லொமனோசோவ் சூப்பர் கம்ப்யூட்டரில் அதைச் செய்தார்கள். அளவு 140 டெராபைட். அதில் ஒரு நிலை இருக்கிறது: ராணியும் சிப்பாயும் ஒரு பக்கம், யானை, மந்திரி, குதிரை மறுபக்கம். 549 நகர்த்தலில் மேட்! அச்சடித்ததைப் போல வரிசையாக நகர்த்தல்கள் வருகின்றன. நானும் உட்கார்ந்து பார்த்தேன். முதல் நானூறு நகர்த்தலில் எதற்காக எது என்று ஒன்றுகூடப் பிடிபடவில்லை. இங்கே வருகிறது, அங்கே போகிறது, திரும்பப் பழைய இடத்துக்கே வருகிறது. நிஜ ஆட்டத்தில் காய் வெட்டாமல், சிப்பாய் நகராமல் ஐம்பது நகர்த்தல் போனால் டிரா கேட்டுவிடலாம், அதனால் இந்த வெற்றி எவருக்கும் பயன்படாது. ஆனால் அது உண்மை. ஒரு மனிதன்கூடப் புரிந்துகொள்ளாத உண்மை. இதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கிறது.

ஸ்டாக்ஃபிஷ் போன்ற எஞ்சின்கள் வேறு சாதி. அவை ரப்பர் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மாதிரி. மரத்தைப் பார்த்ததுமே இன்றைக்கு எத்தனை பால் என்று சொல்கிறவர்கள். அனுபவக் கணிப்பு, அதோடு மின்னல் வேகத்தில் முன்னோக்கிப் பார்ப்பது. 2020லிருந்து, தானே கற்றுக்கொள்ளும் நரம்பு வலைப்பின்னலையும் சேர்த்துக்கொண்டார்கள். உன் பழைய பெட்டி போட்ட மளிகைக் கணக்கெல்லாம் போயே போச்சு. நம் 1986 நிலையைக் கைத்தொலைபேசியில் போட்ட மாத்திரத்தில் பூஜ்யம், அதாவது இருவரும் சமம் என்று காட்டிவிட்டது.

சரி, இங்கேதான் என் கவலை ஆரம்பிக்கிறது. தமிழ்ப்பள்ளியில் சனிக்கிழமை பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன் அல்லவா, அதில் நான்காம் ஆண்டுப் படிக்கும் ஒரு வாயாடி இருக்கிறாள். அந்தப் பக்கத்தைக் காட்டினேன். பலகையைப் பார்க்கவே இல்லை. கைத்தொலைபேசியில் தட்டி, "டிரா சார்" என்றாள். ஏன் என்றேன். "பூஜ்யம் காட்டுதே." ஏன் பூஜ்யம்? "டிரான்றதால." அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நாற்பது வருடத்துக்கு முன்னால் நானும் அதேதான் செய்தேன். ஒரே வித்தியாசம், என் பெட்டி தப்பாகச் சொன்னது, இவள் பெட்டி சரியாகச் சொல்கிறது. சரியாகச் சொல்வது இன்னும் மோசமோ என்று தோன்றுகிறது. தப்பாகச் சொன்னால் என்றைக்காவது சந்தேகம் வரும்.

2024 டிசம்பர் 12 ஞாபகம் இருக்கிறதா? குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரனை ஜெயித்து உலக சாம்பியன் ஆன நாள். ஜொகூரில் உட்கார்ந்துகொண்டு பாலத்தைத் தாண்டிப் போய் ஒரு நாள் பார்க்காதவன் நீ, அதை இன்னும் மன்னிக்கவில்லை. நாங்கள் மாமாக் கடையில் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றி ஏழு பேர். டிராதான் என்று தே தாரிக்குக்குக் காசு கொடுக்க எழுந்துவிட்டோம். 55ஆவது நகர்த்தலில் டிங் லிரன் யானையை எஃப்-2க்குக் கொண்டுவந்தார். யார் கை மேல் என்று எஞ்சின் காட்டும் ஓரத்துப் பட்டை சட்டென்று கறுப்பு ஆடிய குகேஷ் பக்கம் சாய்ந்தது. ஏழு பேரும் கத்தினோம். சீனக் கிழவர் ஒருவர் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். அப்புறம் வீட்டுக்கு வந்து யோசித்தேன்: நான் எதைப் பார்த்துக் கத்தினேன்? பட்டையைப் பார்த்து. டிங்கின் மந்திரி மூலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது, யானைகள் வெட்டுப்பட்டதும் மந்திரிகளையும் மாற்றிக்கொள்ள வைக்கலாம், மிஞ்சுவது இரண்டு சிப்பாய்க்கு ஒரு சிப்பாய், அதில் வெள்ளைக்குப் பிழைப்பில்லை. இதைப் பலகையில் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. அந்தப் பதினெட்டு வயசுப் பையன் பட்டை இல்லாமல், எதிரே கடிகாரம் ஓட, பார்த்துவிட்டான்.

கிராணி ஐயாவுக்கு 1986இலேயே தெரிந்திருக்கிறது, மணியம். திண்ணையில் நம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் ராஜாவைச் சாய்த்தபோது ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டாரா, பந்தயத்தில் தலையிடக்கூடாது என்று நினைத்தாரா, இல்லை வீட்டுக்குப் போய்த்தான் அவருக்கே சந்தேகம் வந்ததா? அவரிடம் கேட்க எத்தனையோ சாயங்காலங்கள் இருந்தன. மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோதுகூட மழை, செம்பனை விலை என்று எதையோ பேசிவிட்டு வந்தேன்.

அதை விடு. போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். இரு தரப்புச் சிப்பாய்களும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, ஓர் ஓட்டை இல்லாமல் அடைத்துக்கொண்ட மாதிரி ஒரு நிலையை நானே அடுக்கினேன். வெள்ளைக்குக் கூடுதலாக ஒரு யானையும் கொடுத்தேன். கைத்தொலைபேசி வெள்ளைக்கு ஐந்துக்கு மேல் என்றது. விட்டுப் பார்த்தேன், ஐந்துக்கு மேலேயே நிற்கிறது, யானை மட்டும் கூண்டுப் புலி மாதிரி இங்கும் அங்கும் நடக்கிறது. வாயாடியிடம் பலகையை மட்டும் காட்டி, யார் ஜெயிப்பார் என்று கேட்டேன். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "சார், உள்ள போக வழியே இல்லையே, வேலி போட்டாச்சு" என்றாள். பிறகுதான் எண்ணைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "லூசா சார் இது?" அன்றைக்கு முழுக்க அதை வேலியில் மாட்டிவிடுவதுதான் அவர்களுக்கு விளையாட்டு. ஒரு பையன் குதிரையைச் சேர்த்தால் வேலி தாண்டிவிடும் என்று கண்டுபிடித்தான். அது வேறு சண்டை.

உன் முட்டி எப்படி இருக்கிறது? மருந்தை ஒழுங்காகப் போடு. மருமகள் சொல்வதைக் கேள். தீபாவளிக்கு ரயிலில் வந்தால் ஸ்டேஷனுக்கு நானே வந்து கூட்டிப்போகிறேன். விளக்கு இல்லாமல் வராதே. அந்தக் காலத்து டைனமோ விளக்கு இப்போது கிடைக்காது என்று கதைவிடாதே. ஈப்போவில் பழைய சாமான் கடையில் பார்த்தேன், நாற்பது வெள்ளி சொல்கிறான். வட்டி வேண்டாம்.

அதுவரை இதை வைத்துக்கொண்டு மண்டையை உடை. 1921இல் ரிச்சர்ட் ரெட்டி அமைத்தது. வெள்ளை ராஜா எச்-8, வெள்ளைச் சிப்பாய் சி-6. கறுப்பு ராஜா ஏ-6, கறுப்புச் சிப்பாய் எச்-5. அவ்வளவுதான் காய்கள். வெள்ளை ஆடி டிரா செய்யவேண்டும். பார்த்தால் முடியாது என்றுதான் தோன்றும், கறுப்புச் சிப்பாயை எட்டிப் பிடிக்க வெள்ளை ராஜாவுக்கு இரண்டு நகர்த்தல் போதவில்லை. கைத்தொலைபேசியைத் தொடாதே. பேத்தியிடமும் கேட்காதே. விடையைப் புலனத்தில் அனுப்பாதே, காகிதத்தில் எழுதி அனுப்பு.

உன்
சரவணன்

பின்குறிப்பு: மூன்றாவது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பாதி ஆட்டம் இருக்கிறது. நீ வெள்ளை, அவர் கறுப்பு. அன்றைக்கு லயத்தில் கரண்ட் போய்விட்டது என்று எழுதியிருக்கிறார். உன் முறை.