தபால் பெட்டியில் மூன்று பெயர்

அன்புள்ள செல்வி,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. டோர்ட்முண்ட் வந்து ஐந்து மாதம் ஓடிவிட்டது. ஜெர்மனியில் வாடகை வீடு என்றால் பல நேரம் வெறும் சுவர்தான், அடுப்படியில் மேடை, அடுப்பு, ஸிங்க் எதுவும் இருக்காது, விளக்கு மாட்ட மேலே வயர் மட்டும் தொங்கும். முதல் மூன்று வாரம் கரண்ட் அடுப்பைத் தரையில் வைத்துச் சமைத்தேன், பாத்திரம் கழுவியது பாத்ரூமில். அதையெல்லாம் நேரில் புலம்பிக்கொள்கிறேன், இப்போது பெயர்க் கதையைக் கேள்.

இங்கே அடுக்குமாடியில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. காலிங் பெல்லிலும் தபால் பெட்டியிலும் குடும்பப் பெயர் ஒட்டியிருக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் தபால் போடுவார்கள். நமக்கு ஏதடி குடும்பப் பெயர்? இவர் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் என் மாமனார் பெயர், சங்கரலிங்கம். என்னுடையது கல்யாணத்துக்கு முன்பு எடுத்தது, அதனால் அப்பா பெயர், பொன்னுச்சாமி. பிள்ளைகளுக்கு முருகேசன், அதாவது இவர் பெயர். (பார், எழுதும்போதுகூடக் கை தயங்குகிறது!) இவர் சங்கரலிங்கம் என்று மட்டும் ஒட்டிவிட்டு வந்தார். என் மருத்துவக் காப்பீட்டு அட்டை திரும்பிப் போய்விட்டது, அப்படி ஒருத்தி இங்கே இல்லையாம்.

சரி என்று மூன்று பெயரையும் பொடி எழுத்தில் நெருக்கி ஒட்டினோம். கீழ்வீட்டுப் பாட்டி பெரியவனை நிறுத்தி, உங்கள் வீட்டில் எத்தனை குடும்பம் என்று கேட்டிருக்கிறார். டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் கட்ட வேண்டும். அதற்கும் இவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று என இரண்டு கடிதம் வந்தன. ஒரே வீடுதான் என்று எழுதிப் போட்டோம்.

போன மாதம் இவருக்குப் பல்வலி. டாக்டரிடம் காத்திருந்தோம், 'ஹெர் சங்கரலிங்கம்' என்று கூப்பிட்டார்கள், ஹெர் என்றால் நம்மூர் 'திரு'. இவர் அசையவே இல்லை. மூன்றாம் தடவை நான்தான் இடித்தேன். "அப்பாவ இங்க யாரு கூப்பிடுறா?" என்கிறார்! மாமா கோவில்பட்டியில் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். என் பாடு இன்னும் மோசம். சின்னவள் பள்ளியில் என்னை 'ஃப்ராவ் முருகேசன்', அதாவது திருமதி முருகேசன் என்கிறார்கள், ஜெர்மன் வகுப்பில் 'ஃப்ராவ் பொன்னுச்சாமி'. என் சொந்தப் பெயரைக் கூப்பிட இந்த ஊரில் இவரை விட்டால் ஆளில்லை, அவரும் "ஏய், இங்க வா"தான்.

ஹாம் ஊரில் ஈழத் தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, 2002இல் கும்பாபிஷேகம் நடந்தது. தைப்பூசத்துக்குப் போனோம், ரயிலில் அரை மணிகூட ஆகாது. வயலும் தொழிற்சாலையும் தாண்டி நம்மூர்க் கோபுரம் நிற்கிறது. அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்கள், "வசந்தி, சதயம்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். இவர் திரும்பிப் பார்த்தார்.

நீ மோர்மிளகாய் அனுப்புவதாகச் சொன்னாயே, மறக்காமல் அனுப்பு. வசந்தி என்று மட்டும் எழுதினால் வந்து சேராது, கூடவே பொன்னுச்சாமி என்று பெரிதாக எழுது. அப்பா தூத்துக்குடியைத் தாண்டிப் போனதே இல்லை, இங்கே அவர் பெயருக்குத்தான் எனக்கு வரும் தபால் எல்லாம் வருகிறது.

உன்
வசந்தி