கெப்பா, ஜீப்பா?

கந்தப்பளை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகனுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் பனி நேரத்தில் முழங்கால் வலி கூடுகிறது. பெரியவனும் பாப்பாவும் இரண்டு பேரும் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள்.

ஊருக்கு வந்து எடுக்கிற வண்டி கெப்பா, ஜீப்பா என்று போன வெள்ளிக்கிழமை நீ கேட்டதற்கு ஃபோனில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. மழை வந்தால் இங்கே சிக்னல் அறுந்து அறுந்து போகிறது. அதனால்தான் கொப்பித் தாளில் எழுதுகிறேன். பாப்பா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். எழுத்து விளங்காவிட்டால் அவளிடமே கேள்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், தம்பி. பின்னால் திறந்த பெட்டி இருக்கிற டபுள் கெப் எடு. உன் மனது பிராடோ ஜீப் பக்கம் போயிருப்பது எனக்குத் தெரியும். ஒன்பது வருஷமாகக் கத்தாரில் முதலாளியின் லேண்ட் குரூசரை ஓட்டுகிறவனுக்கு அந்த ஆசை வராமல் இருக்காது. ஆசையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே வண்டியில் ஆளை ஏற்றினாய். இங்கே வந்து நீ ஏற்றப்போவது கரட்டும் லீக்ஸும்.

குத்தகைக்குப் பேசியிருக்கிற அந்த இரண்டு ஏக்கரை யோசித்துப் பார். மேலே போகும்போது கோழி எரு மூட்டை, விதைக்கிழங்கு, மருந்து டாங்கி. கீழே வரும்போது கழுவின கரட் மூட்டை. கழுவின கரட்டில் இருந்து நுவரெலியா போய்ச் சேரும் வரைக்கும் தண்ணீர் சொட்டும். பிராடோவிலும் சீட்டை மடக்கினால் ஏழெட்டு மூட்டை ஏற்றலாம்தான். ஆனால் காலையில் எரு ஏற்றின வண்டியில் அரை மணி நேரம் கழித்துப் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு ஏற வேண்டும். அந்த நாற்றம் சீட் துணியில் பிடித்தால் கழுவிப் போகாது. கெப்பில் பின் பெட்டிக்கு ஒரு வாளித் தண்ணீர் அடித்தால் சரி.

இந்த டபுள் கெப்கள் ஏறக்குறைய ஒரு டன் தாங்கும். 50 கிலோ மூட்டை என்றால் 20 மூட்டை. ஆனால் முன்னால் ஐந்து பேர் ஏறினால் அவர்கள் பாரமும் அந்த ஒரு டன்னுக்குள்தான் வரும், ஆறு மூட்டை குறைத்துவிடு. பலர் அதைக் கணக்குப் பார்ப்பதில்லை. அதனால்தான் பின்பக்கம் குந்தி, முன் லைட் வானத்தைப் பார்க்க வண்டி போகிறது.

வெள்ளைக்காரர்களை ஹோட்டன் சமவெளிக்கு ஏற்றிப் போகலாம் என்று ஒரு யோசனை சொன்னாய். அந்த ரோட்டில் இப்போது வேன்களே விடிய முன் வரிசையாகப் போகின்றன. அதை மட்டும் நம்பி ஜீப் வாங்க வேண்டாம்.

விலையும் ஒரு காரணம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் சொந்த வாகனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டி வைத்திருந்தவர்கள் வாங்கின விலைக்கு மேலேயே விற்றார்கள். இப்போது புதிது வந்தாலும் வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. உன் ஒன்பது வருஷச் சேமிப்பு முழுதும் ஒரு ஜீப்பின் பொனட்டுக்குள் போய்விடக் கூடாது. விதைக்கும் உரத்துக்கும் கையில் காசு வேண்டும். லீசிங் போட்டு மாதம் முடியும்போதெல்லாம் நீ பயந்துகொண்டு இருப்பதை என்னால் பார்க்க முடியாது.

சரி, பிராடோவின் நல்லதையும் சொல்ல வேண்டும். அதில் நாலு சக்கரமும் எப்போதும் இழுக்கும். நடுவில் தனியாக ஒரு டிஃபரன்ஷியல் இருப்பதால் முன் சக்கரமும் பின் சக்கரமும் தங்கள் தங்கள் வேகத்தில் சுற்றும். பனியில் நனைந்த தார் ரோட்டுக்கு அதைவிட நல்லது கிடையாது. ஹைலக்ஸ் மாதிரி கெப்பில் அது இல்லை. சாதாரணமாகப் பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கும், சேற்றிலோ கல் ரோட்டிலோதான் நாலையும் போட வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் நாலையும் போட்டுக்கொண்டு வளைக்காதே. வளைவில் முன் சக்கரம் கூடத் தூரம் சுற்றும், பின் சக்கரம் குறையச் சுற்றும். நடுவில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லாததால் ஸ்டீயரிங் முறுக்கிக்கொள்ளும், கியர்ப் பெட்டி உடையும்.

இன்னொன்று, கெப்பின் பின் பட்டை ஸ்பிரிங் பாரத்துக்குச் செய்தது. வெறுமையாக ஓடினால் பின்பக்கம் துள்ளும், நனைந்த வளைவில் வழுக்கிவிடும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். நீ நாலாம் வகுப்பு படித்த காலம், தேயிலை ஸ்டோரில் கொழுந்தை இறக்கிவிட்டு வெறும் லொறியோடு திரும்பி வந்தேன். மெல்லிய தூறல்தான். பழக்கப்பட்ட வளைவுதான். பிரேக்கில் சும்மா கால் வைத்தேன், பின்பக்கம் ஒரு சத்தமும் இல்லாமல் பக்கவாட்டில் போனது. இடது பின் சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் கானைத் தாண்டி அந்தரத்தில் சுற்றியதைக் கண்ணாடியில் பார்த்தேன். மலையில் கொழுந்து எடுத்த பெண்கள் கூடைக் கயிற்றை எல்லாம் அவிழ்த்துக் கட்டி இழுத்தார்கள். அன்றிலிருந்து வெறும் லொறி ஓட்டும் நாளில் இரண்டு மூட்டை மணலைப் பின் அச்சுக்கு மேலே போட்டுக்கொள்வேன். நீயும் போட்டுக்கொள். உருளாமல் கட்டி வை.

இறக்கத்தைப் பற்றி உனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒன்பது வருஷம் சமதரையில் ஓட்டினவன் நீ. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு. என்றைக்காவது பாரத்தோடு இறம்பொடை இறங்கிப் கொழும்புப் பக்கம் பேலியகொடை மெனிங் மரக்கறிச் சந்தைக்குப் போக வேண்டி வந்தால், பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதே. பிரேக் லைனிங் கருகும் வாடை மூக்குக்கு வரும்போது நேரம் பிந்திவிடும். அதோடு கத்தாரில் ஸ்டீயரிங் இடது பக்கம், இங்கே வலது. முதல் ஒரு மாதம் இடது பக்கக் கானும் பள்ளமும் உன் கண்ணுக்குத் தப்பும். பெரியவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள், அவன் கவனமானவன்.

பழைய கெப் பார்க்கப் போகும்போது பெயின்டைப் பார்த்து மயங்காதே. உரம் ஏற்றின வண்டியாக இருந்தால் பின் பெட்டியின் அடியில் துரு தின்றிருக்கும். உள்ளே போட்டிருக்கிற பிளாஸ்டிக்கைக் கழற்றிப் பார். வண்டிக்கு அடியில் படுத்து, சின்னச் சுத்தியலால் செஸியை, அதாவது அடி இரும்புச் சட்டத்தை, நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போ. நல்ல இரும்பு மணி மாதிரி பேசும். துருப் பிடித்த இடம் பலகை மாதிரி மொத்தென்று கேட்கும். நான் கூட வருகிறேன், நீ தனியாகப் போக வேண்டாம்.

இனி அம்மா சொன்னதற்கு வருகிறேன். நாங்கள் பேசுவதை எல்லாம் அடுப்பு வேலை செய்துகொண்டே கேட்டவள், “எந்த வண்டியோ எடுங்க, பின்னால ஒரு ஆள் நனையாம படுக்க எடம் இருக்கணும்” என்று சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று உனக்குத் தெரியுமோ என்னவோ. நீ பிறந்த இரவு அவளைக் கொழுந்து லொறியில்தான் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். பின்னால் வெறும் சாக்கை விரித்துப் படுக்க வைத்தோம். உன் பாட்டி ஒரு ரப்பர் சீட்டைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழி நெடுக நின்றே வந்தார். மழை பக்கவாட்டில் அடித்தது. ஒவ்வொரு குழியிலும் அவள் கத்தும் சத்தம் முன்னால் எனக்குக் கேட்டது. மெதுவாகப் போவதா வேகமாகப் போவதா என்று தெரியாமல் அழுதுகொண்டே ஓட்டினேன். இப்போது 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வருகிறது, பெரிய உதவி அது. ஆனால் 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைகள் சரிந்து ரோடெல்லாம் மூடிக் கிடந்ததே, அந்த மாதிரி நேரத்தில் திறந்திருக்கிற ரோடு வரைக்குமாவது லயத்தில், நம் தோட்டக் குடியிருப்பில் இருக்கிற வண்டிதான் ஓட வேண்டும். மண் சரிந்த இடத்தைக் கெப்பும் தாண்டாது, பிராடோவும் தாண்டாது. அது வேறு.

படுக்க வைப்பதற்கு ஜீப்தான் நல்லது. அதை நான் மறுக்கவில்லை. மூன்று நாளாக அதையே யோசித்துக்கொண்டு இருந்தேன். கெப்பின் பின் பெட்டி ஏறக்குறைய ஐந்து அடி நீளம்தான், ஆள் நீட்டிப் படுக்க முடியாது, பின்னால் ஆள் ஏற்றுவதும் கூடாது. ஆனால் பின் சீட் மூன்று பேர் அகலம். அம்மாவை நேற்று வாங்குப் பலகையில் அந்த அகலத்துக்கு முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்லிப் பார்த்தேன். படுத்தாள். தலைமாட்டில் ஒருவர் உட்காரவும் இடம் இருந்தது. “இது போதும்” என்று சொன்னாள். அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

கடைசியாக நம்முடைய லயத்து ரோடு. டபுள் கெப் ஏறக்குறைய 17½ அடி நீளம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் 10 அடிக்குக் கொஞ்சம் கூட. பிராடோவில் அதே இடைவெளி ஒரு அடி குறைவு. ஒரு அடி என்ன பெரிது என்று நினைக்காதே. கோயிலுக்குக் கீழே இரண்டாவது வளைவை ஞாபகம் இருக்கிறதா? காலையில் இரண்டு மூங்கிலைச் சேர்த்துக் கட்டி 17½ அடிக்கு அளந்து, சக்கரம் வரும் இடங்களில் சிவப்புத் துணி கட்டினேன். பெரியவன் முன் நுனியையும் பாப்பா பின் நுனியையும் பிடித்துக்கொண்டு, நான் சொன்னபடி அந்த வளைவில் இறங்கினார்கள். முதல் தடவை மூங்கிலின் மூக்கு பள்ளத்துப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் அப்படித்தான். ஜீப் அளவுக்கு மூங்கிலைக் குறைத்துக் கட்டினால் ஒரே மூச்சில் திரும்பிவிடுகிறது. கெப் என்றால் ஒரு தடவை ரிவர்ஸ் எடுத்தே ஆக வேண்டும். பின் சக்கரத்துக்கும் உள்பக்கக் கானுக்கும் நடுவில் இருப்பது ஒன்றரை முழம்.

அந்தக் கானுக்கு மேலே கொங்கிரீட் பலகை போட்டால் இன்னும் இரண்டு அடி கிடைக்கும். ரோடு தோட்டத்துடையது, அதனால் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் கேட்க வேண்டும். நாளைக்குக் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு முடிந்ததும் ஆபீசுக்குப் போய்க் கேட்கிறேன். சரி என்றால் சித்திரைக்கு முன்னால் நானும் கீழ் லயத்துப் பையன்களும் சேர்ந்து போட்டுவிடுவோம். மணலும் சீமெந்தும் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ காசு அனுப்ப வேண்டாம்.

போட முடியாவிட்டாலும் பரவாயில்லை. வண்டியைக் கொண்டு வருகிற அன்றைக்குக் கோயிலடிக்கு வந்ததும் ஹோர்ன் அடி. நான் டோர்ச்சோடு அந்த வளைவில், கான் பக்கம் நிற்பேன். என் கையைப் பார்த்து ரிவர்ஸ் எடு.

அப்பா