பட்டியலில் சேராதவை

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. உடனே பதில் எழுதாததற்கு, கடிதத்தின் கடைசியில் நீ கேட்டிருந்த கேள்விதான் காரணம். ஒரு நகர நிர்வாகம் தன் மாநிலச் சட்டமன்றத்திடம் ஊதியத்துக்கு ஆள் வைத்துப் பரிந்து பேசுவது விந்தையாக இல்லையா என்று கேட்டிருந்தாய். வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு நகர மேலாளர் அலுவலகத்தில் இருக்கும் எனக்கு, இலையுதிர் காலம் முழுவதும் அந்த வேலைதான்.

அமெரிக்க அரசமைப்புச் சட்டம் நகரங்களுக்கென்று எந்த அதிகாரத்தையும் தரவில்லை. நகரம் என்பது மாநிலம் படைத்த அமைப்பு, மாநிலம் கொடுத்த அதிகாரம் மட்டுமே அதற்கு உண்டு என்று 1868இல் அயோவா நீதிபதி ஜான் டில்லன் எழுதினார். 1907இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதே வழியில் நின்றது. எங்கள் மாநிலம் அத்தனை கண்டிப்பானது அல்ல. ஆனாலும் வாக்காளர்களின் ஒப்புதல் இல்லாமல் சொத்து வரி வசூலை, புதிய கட்டடங்களால் வருவது நீங்கலாக, ஆண்டுக்கு 1 விழுக்காட்டுக்கு மேல் நகர மன்றம் உயர்த்த முடியாது. 2022இல் நாட்டின் விலைவாசி ஏறத்தாழ 8 விழுக்காடு ஏறியது என்பதை இதன் அருகில் வைத்துப் பார். அந்த வரம்பை 3 விழுக்காடாக்க வந்த மசோதாவும் 2024இல் கைவிடப்பட்டது. எங்கள் கணக்குப் புத்தகத்தின் பூட்டு மாநிலத் தலைநகரான ஒலிம்பியாவில் இருக்கும்போது, அங்கே போய்க் கதவைத் தட்டாமல் என்ன செய்வது?

கோடையில் எல்லாத் துறைகளிடமும், சட்டமன்றத்திடம் வைக்கவேண்டிய கோரிக்கைகளைக் கேட்போம். இம்முறை 31 வந்தன. அவற்றை ஐந்தாகக் குறைப்பதுதான் என் வேலை. நண்பர்களை இழப்பதற்கு இதைவிட நேரான வழி கிடையாது. நாங்களே தீர்மானம் போட்டுச் செய்துகொள்ளக்கூடியவை முதலில் விழுந்துவிடும். எல்லா நகரங்களுக்கும் பொதுவானவற்றை மாநில நகரங்களின் சங்கம் எப்படியும் பேசும் என்பதால், அவற்றுக்கு எங்கள் ஆதரவு மட்டும் போதும். எஞ்சியவற்றைக் காலம் பார்த்துப் பிரிக்கிறோம்: ஒற்றைப்படை ஆண்டுகளில் சட்டமன்றம் 105 நாள் கூடி இரண்டாண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை இயற்றும், இரட்டைப்படை ஆண்டுகளில் 60 நாள்தான். பாலத்துக்கோ கழிவுநீர்க் குழாய்க்கோ பெருந்தொகை கேட்பதற்கு முன்னதே ஏற்ற காலம்.

இவ்வளவையும் தாண்டி ஒரு கேள்வி இருக்கிறது, மசோதாவைச் சுமக்கப் போவது யார் என்று. மாநிலத்தின் 49 தொகுதிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு செனட்டரும் இரண்டு பிரதிநிதிகளும் உண்டு. எங்கள் மூவரில் ஒருவராவது முன்வராத கோரிக்கையைப் பட்டியலில் வைப்பது, அஞ்சல் தலை ஒட்டாத கடிதத்தைப் பெட்டியில் போடுவது போலத்தான். மன்ற உறுப்பினர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். தங்கள் பகுதி மக்களிடம் காட்டுவதற்காவது பட்டியலில் ஒரு வாசகம் இருக்கட்டும் என்பார்கள். அப்படிச் சேர்த்துச் சேர்த்து ஓர் ஆண்டு 19 முன்னுரிமைகளோடு போனோம். எங்கள் செனட்டர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் உங்களுக்கு உண்மையாகவே எது வேண்டும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

முன்னுரிமைகளைவிடப் பயன்படுவது, பட்டியலின் பின்னால், பொதுவாக எதை ஆதரிப்போம், எதை எதிர்ப்போம் என்று சொல்லும், யாரும் படிக்காத கொள்கைப் பகுதி என்பது என் எண்ணம். அமர்வு தொடங்கிவிட்டால் சட்டமன்றக் குழுவின் விசாரணைக்கு இரண்டொரு நாள் முன்புதான் ஒரு மசோதா கண்ணில் படும். மன்றமோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடுகிறது. நிதி தராமல் நகரங்களின் மேல் கடமையைச் சுமத்துவதை எதிர்க்கிறோம் என்று முன்பே ஒரு வாசகம் மன்றத்தில் நிறைவேறியிருந்தால், எங்களுக்காகப் பரிந்து பேசும் பரப்புரையாளர் அன்றே சாட்சியம் சொல்லலாம். அந்த வாசகங்களில் மன்றம் பிளவுபட்டால்தான் சிக்கல். 2023இல், பெரிய நகரங்களின் குடியிருப்பு மனைகளில் ஒற்றை வீட்டுக்குப் பதில் பல வீடுகள் கட்ட இடம் தரவேண்டும் என்ற மசோதா சட்டமானது. வீடுகள் வேண்டும் என்றும், எங்கே எதைக் கட்டலாம் என்ற மண்டல விதி எங்கள் உரிமை என்றும் எங்கள் ஆவணம் ஒரே பக்கத்தில் சொன்னதால், நாங்கள் வாயே திறக்கவில்லை. எதிர்த்திருந்தால்கூட எனக்கு இத்தனை வருத்தம் இருந்திருக்காது.

சென்ற வாரம் மன்றம் ஐந்துக்கும் ஒப்புதல் தந்தது. பூங்காத் துறையின் கோரிக்கை சேரவில்லை. அதன் தலைவர் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். டிசம்பரில் மூவரையும் சந்திக்கிறோம். கழிவுநீர்க் குழாய்க்குப் பணம் வந்ததா என்று ஏப்ரலில் எழுதுகிறேன்.

அன்புடன்,
ரகு