1942-ஐக் கற்பிப்போம், 1930-ஐயும் சேர்த்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளைய தலைமுறையிடம் நாட்டுப்பற்று குறைந்து வருவதாகக் கவலை தெரிவித்து, அதற்கு மாற்றாக அந்தந்த ஊரின் விடுதலைப் போராட்ட வரலாற்றைப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்று தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். யோசனை நல்லது. செட்டிநாட்டுக்கு எடுத்துக்காட்டாகத் தேவகோட்டையைக் காட்டியிருந்ததும் பொருத்தமே. ஆனால் கட்டுரையாளர் எங்கள் ஊர்க் கதையில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். மீதியையும் சொல்லாவிட்டால், இந்தக் குடியரசு எதற்காக உண்டாக்கப்பட்டது என்பது பிள்ளைகளுக்கு விளங்காது.

சொன்ன பாதியில் எனக்கு மறுப்பு ஏதும் இல்லை. 1942 ஆகஸ்டில் காந்தியடிகளும் மற்றத் தலைவர்களும் கைதான செய்தி பரவியதும் தேவகோட்டையில் மக்கள் திரண்டார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. நீதிமன்றக் கட்டடம் தீக்கிரையானது. கைதாகித் திருவாடானைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை, சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்த கூட்டம் சிறையை உடைத்து மீட்டது. பாரதியார் 1919-இல் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்து அதை வாழ்த்திப் பாடியதும், சிராவயல் ஆசிரமத்தில், பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான ஜீவாவைக் காந்தியடிகள் 1927-இல் சந்தித்ததும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்தவையே. பேச்சுப் போட்டி என்றால் இவற்றில் ஒன்றாவது வந்துவிடும்.

1942-க்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே வட்டாரத்தில் நடந்ததை மட்டும் எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. 1930 டிசம்பரில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், நிலமும் ஆள்பலமும் கையில் வைத்திருந்தவர்கள் ஆதி திராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டையோ பனியனோ போடக் கூடாது. தலைமுடியைக் கிராப்பாக வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண் பாத்திரங்களைத் தவிர வேறு எதையும் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கவோ செருப்பு அணியவோ கூடாது. இவை போதவில்லை என்று 1931-இல் பதினொரு தடைகளாக அவை விரிந்தன. பிள்ளைகள் எழுத்தறிவு பெறக் கூடாது என்பதும், மிராசுதார்களின் பண்ணையில் அடிமைகளாக உழைக்க வேண்டும் என்பதும், ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா கூலி என்பதும், திருமண ஊர்வலத்தில் குதிரைக்குப் பதிலாக வீட்டுக் கதவைப் பல்லக்காக்கிக்கொள்ள வேண்டும் என்பதும் அவற்றில் அடங்கும். மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. இவற்றையெல்லாம் பதிவு செய்தவர் கட்சிக்காரரோ கிளர்ச்சிக்காரரோ அல்லர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன், இந்தியச் சாதி முறை பற்றிய தமது நூலில் எழுதிவைத்திருக்கிறார்.

வரலாற்று ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில் இந்தப் பட்டியலை ஒன்பதாம் வகுப்பில் வாசித்தேன். நகைக்கும் பாத்திரத்துக்கும் வகுப்பில் பெரிய சலனம் இல்லை. கடைசியாகக் குடையும் செருப்பும் வந்தபோது, "குடை கூடவா சார்?" என்று முன்வரிசையில் ஒரு மாணவி கேட்டாள். சுதந்திர தினத்தன்று கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு வரும் பையன்களிடம், அந்தக் கொடியைக் குத்திக்கொள்ளச் சட்டையே போடக் கூடாது என்று ஒரு காலத்தில் இந்த மண்ணிலேயே விதி இருந்தது என்று சொன்னால், விடுதலை என்பது வெள்ளைக்காரன் கப்பலேறியதோடு முடிந்த காரியம் அல்ல என்பதை அதற்கு மேல் விளக்க வேண்டியிருப்பதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் முன்பக்கத்தில் ‘தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல்’ என்று அச்சிட்டிருப்பதைப் பிள்ளைகள் அட்டையைப் போலவே புரட்டிப் போய்விடுகிறார்கள். அன்று மட்டும் சிலர் அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போனார்கள்.

அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தவர்களுக்கு இப்படிப்பட்ட கொடுமைகள் கேள்விப்பட்ட கதையாக இருக்கவில்லை. தீண்டாமையை ஒழிக்கும் வரைவுப் பிரிவு 1948 நவம்பர் 29 அன்று விவாதத்துக்கு வந்தபோது, சென்னை மாகாணத்திலிருந்து சென்றிருந்த, தாழ்த்தப்பட்ட சமூகத்தவர்களான வி. ஐ. முனுசாமிப் பிள்ளையும் தாட்சாயணி வேலாயுதனும் அதை வரவேற்றுப் பேசினார்கள். அன்றே ஏற்கப்பட்ட அந்தப் பிரிவுதான் இன்றைய 17-ஆம் பிரிவு. பண்ணை அடிமைத்தனத்துக்குப் பதில் கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23-ஆம் பிரிவில் இருக்கிறது. கடை, கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் பாகுபாடு கூடாது என்பது 15-ஆம் பிரிவில் இருக்கிறது. சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவர்களுக்கே இருந்துவந்த வாக்குரிமை 326-ஆம் பிரிவால் வயதுவந்த எல்லோருக்கும் ஆனது. 1951–52 பொதுத் தேர்தலில் ஏறத்தாழ 17 கோடிப் பேர் வாக்காளர்களானபோது, குடை பிடிக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவரும் தடுத்தவரும் ஒரே பட்டியலில் இடம்பெற்றார்கள். திருவாடானைச் சிறைக் கதவு உடைந்ததற்குச் சற்றும் குறைந்த நிகழ்ச்சி அல்ல இது என்பது என் கருத்து.

அரசியலமைப்புச் சட்டம் நிறைவேறுவதற்கு முந்தைய நாள், 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் ஆற்றிய உரையையும் கட்டுரையாளர் கருதியிருக்கலாம். அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வுமாக ஒரு முரண்பாட்டுக்குள் நுழையப் போகிறோம் என்று எச்சரித்தவர், அதே உரையில் சாதிகள் தேசத்துக்கு விரோதமானவை என்றும், அவை மக்களைப் பிரித்து வைக்கின்றன என்றும் சொன்னார். இன்று தேச விரோதி என்ற பட்டத்தை யார் யாருக்கோ தாராளமாக வழங்குகிறோம். அம்பேத்கர் அதை எதற்குச் சூட்டினார் என்பது மறந்துபோய்விட்டது. தேவகோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கும் கண்டதேவியில், தேர்வடத்தைத் தொடும் உரிமை யாருக்கு என்ற தகராறில் பல ஆண்டுகள் தேரே ஓடாமல் நின்றது. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2024 ஜூனில், பலத்த போலீஸ் பாதுகாப்போடு அது ஓடியது. ஓடியது என்பதில் மகிழ்ச்சிதான். வடம் பிடிக்க இத்தனை காக்கிச் சட்டைகள் வேண்டியிருந்ததே என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பழையதைக் கிளறினால் ஊரில் பகைதான் மூளும் என்பார்கள். நண்பர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. தாத்தா செய்ததற்குப் பேரனைக் கூண்டில் ஏற்றுவது வகுப்பறையின் வேலையும் அல்ல. ஆனால் 1942-இல் சிறையை உடைக்கத் திரண்டவர்களுக்கும் 1930-இல் தடை போட்டவர்களுக்கும் ஊரோ உறவோ பொதுவாக இருந்ததில்லை என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அந்நிய ஆட்சியை எதிர்த்து மார்பு காட்டும் துணிவும், பக்கத்துத் தெருக்காரன் செருப்புப் போடுவதைப் பொறுக்காத மனமும் ஒரே ஆளிடம் குடியிருக்க முடியும். பெரும்பான்மையின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பாமல் உரிமைகளை எழுத்தில் வடித்துப் பூட்டி வைத்ததற்குக் காரணம் வேறென்ன? 1934-இல் தீண்டாமை ஒழிப்புப் பயணத்தின்போது தேவகோட்டைக்கு வந்த காந்தியடிகள், இந்தப் பிரச்சினையை மூடி மறைக்காமல் நேரடியாகவே பேசினார். அவரைவிட நாம் அதிக நாசூக்குப் பார்க்க வேண்டியதில்லை.

நவம்பர் 26 அரசியலமைப்பு தினமாக 2015 முதல் கொண்டாடப்படுகிறது. சுற்றறிக்கை வருகிறது, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி முகப்புரையை வாசிக்கச் சொல்கிறோம், மணி அடித்ததும் வகுப்புக்கு அனுப்பிவிடுகிறோம். எங்கள் வட்டாரப் பள்ளிகளிலாவது அன்று முதலில் 1930-இன் எட்டுத் தடைகளை வாசித்து, உடனே முகப்புரையையும் 17-ஆம் பிரிவையும் வாசிக்கட்டும். 1942-ஐ ஆகஸ்டில் கொண்டாடிக்கொள்ளலாம். பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தங்கள் இதழே 1930, 1931 தடைகளின் முழுப் பட்டியலைத் தமிழில் ஒரு பக்கமாக வெளியிட்டால், பணியில் இருக்கும் ஆசிரியர்கள் நகலெடுத்து வகுப்புக்கு எடுத்துச் செல்வார்கள். நவம்பர் இதழுக்குள் அது முடியுமானால் நலம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
தேவகோட்டை