காங்கிரீட் கொட்டும் முன் எர்த்தை யோசியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இடி மின்னல் பற்றிப் போன வாரம் வந்த கட்டுரையில், ரேடியோ டவர் வைத்திருப்பவர்கள் எர்த் குழிக்கு (மின்னலை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு) கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று போட்டிருந்தீர்கள். சரிதான். ஆனால் டவரின் அஸ்திவாரமே ஒரு நல்ல எர்த் என்பதை விட்டுவிட்டீர்கள்.

நான் அமெச்சூர் ரேடியோக்காரன் (பொழுதுபோக்காக வயர்லெஸ் நடத்துபவன்), விருதுநகர் பக்கம். வீட்டுக் கொல்லையில் 15 மீட்டர் டவர் நிற்கிறது. எங்கள் கரிசல் மண் சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துவிடும், எர்த் பைப்பைச் சுற்றி மண்ணே ஒட்டாது, உப்பும் கரியும் எவ்வளவு கொட்டினாலும் அதே கதைதான். காங்கிரீட் அப்படியில்லை. சுற்றியுள்ள மண்ணிலிருந்து ஈரத்தை இழுத்து லேசில் விடாமல் வைத்துக்கொள்ளும், அந்த ஈரத்தில் கரைந்திருக்கும் காரப்பொருள் மின்சாரத்தைக் கடத்தும், போதாததற்கு மண்ணைத் தொடும் பரப்பும் பெரியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில், மழையே அபூர்வமான இடத்தில், வெடிகுண்டுக் கிடங்குகளுக்கு ஹெர்பர்ட் யூஃபர் என்பவர் அஸ்திவாரக் காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையே எர்த்தாக்கினார். பல வருஷம் கழித்து அளந்தபோதும் எர்த்தின் மின்தடை 5 ஓமுக்குள் இருந்தது (எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது). இன்றைக்கும் அங்கே இதற்கு 'யூஃபர் எர்த்' என்றே பெயர். அரை அங்குலக் கம்பி குறைந்தது 20 அடி நீளம், சுற்றிலும் 2 அங்குலக் காங்கிரீட், அது நேராக மண்ணைத் தொட வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் விதி. அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்தாலோ, கடலோரத்தில் போடும் எபாக்சி பூசிய கம்பி என்றாலோ பலிக்காது.

என் டவரில் நடந்ததையும் சொல்கிறேன். கம்பிக் கூண்டு கட்டி முடித்த அன்று சாயங்காலம் சும்மா டவர் காலைப் பிடிக்கும் ஒரு போல்ட்டை ஆட்டிப் பார்த்தேன், தனியாக ஆடியது, கூண்டில் எங்குமே படவில்லை. "காங்கிரீட் பிடிச்சுக்கும் சார்" என்றார் மேஸ்திரி. நிற்பதற்குப் பிடித்துக்கொள்ளும், மின்னலுக்கு? போல்ட்டிலிருந்து கம்பிக்குக் காங்கிரீட் வழியாகத் தாவும்போது உள்ளே இருக்கும் ஈரம் ஒரு நொடிக்குள் ஆவியாகி அஸ்திவாரமே வெடிக்கலாம். ராத்திரியே வெல்டரைக் கூப்பிட்டு நாலு போல்ட்டையும் கூண்டோடு சேர்த்து, எர்த் இணைப்புக்காக ஒரு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையையும் வெளியே எடுத்துவிட்டோம்.

அப்புறம், டவர் எர்த்தையும் வீட்டு எர்த்தையும் கட்டாயம் இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடி விழும்போது இரண்டுக்கும் உள்ள வோல்டேஜ் வித்தியாசம் ரேடியோ செட் வழியாகத்தான் பாயும். இணைத்த பிறகு மண்ணில் இருக்கும் பழைய ஜிஐ பைப் சீக்கிரம் அரிக்கும், காங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பு அதன் பக்கத்தில் தாமிரம் மாதிரி நடந்துகொள்வதுதான் காரணம். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை தோண்டிப் பாருங்கள்.

ஐப்பசி இடிக்கு முன்னால் டவர் வைக்கப்போகிறவர்கள், காங்கிரீட் லாரி தெருவில் திரும்புவதற்குள் ஒரு மல்டிமீட்டரை எடுத்துப் போல்ட்டிலும் கூண்டிலும் வைத்து இணைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கொட்டிய பிறகு டிரில்லர் வைத்து உடைத்தால்தான் உண்டு.

– ஒரு வாசகர், விருதுநகர் மாவட்டம்