மிளகு வந்து ஆறு வாரம்

ஹனோவர்,
ஜெர்மனி,
நவம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இங்கே நாங்கள் மூவரும் நலம். நாய்க்குட்டி மிளகையும் சேர்த்து நால்வர் என்று எழுதச் சொல்கிறாள் பாப்பா. அங்கே ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிப்பு ஆரம்பித்திருக்கும். ஆள் கிடைத்தார்களா? மழை விட்டதா? போனில் இதையெல்லாம் கேட்பதற்குள் நாய்க் கதையிலேயே நேரம் போய்விடுகிறது, அதிலும் அப்பாவுக்குப் பாதிதான் காதில் விழுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பி தை மாதம் ராஜபாளையம் குட்டி ஒன்று கொண்டுவரப் போகிறானாம். அவனுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

மிளகு லியோன்பெர்கர் ஜாதி. லியோன்பெர்க் என்பது தெற்கு ஜெர்மனியில் ஓர் ஊர். நம் பக்கம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று ஊர்ப் பெயரே நாய்க்கும் ஆனது போலத்தான் இதுவும். 1840களில் அந்த ஊரைச் சேர்ந்த ஹைன்ரிஷ் எஸ்ஸிக் என்பவர் உருவாக்கிய ஜாதி. பார்க்கச் சிங்கக்குட்டி மாதிரியே இருக்கும். உடம்பெல்லாம் செம்பழுப்பு, முகம் மட்டும் களத்தில் காய்ந்த மிளகு போலக் கறுப்பு. பெயர் அப்படித்தான் வந்தது. இங்கே யாருக்கும் அந்த ‘ள’ வாயில் நுழையவில்லை, ‘மிலகு’ என்கிறார்கள். அவனும் அதற்கும் திரும்பிப் பார்க்கிறான். வளர்ந்தால் தோள் வரைக்குமே 72 முதல் 80 சென்டிமீட்டர் உயரம் நிற்பான். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசை அவ்வளவுதான் இருக்கும்.

நாய் வளர்க்க இங்கே பரீட்சை உண்டு என்று சொன்னபோது அம்மா நம்பவில்லை. உண்மைதான் அம்மா. ஹனோவர் இருக்கும் நீடர்சாக்சன் மாநிலத்தில் 2013 முதல் அப்படி ஒரு சட்டம். குட்டியை வாங்குவதற்கு முன்னால் எழுத்துத் தேர்வு, வாங்கிய ஒரு வருஷத்துக்குள் நாயைக் கூட்டிப்போய்ச் செய்முறைத் தேர்வு. கடந்த பத்து வருஷத்தில் தொடர்ந்து இரண்டு வருஷமாவது நாய் வளர்த்தவர்களுக்குத் தேர்வு வேண்டாம். நம் அல்சேஷன் நாய் ராஜா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, அதனால் என் அனுபவம் கணக்கில் வரவில்லை. அப்புறம் நகராட்சிக்கு வருஷா வருஷம் நாய் வரி, நாய் யாரையாவது கடித்தாலோ தள்ளிவிட்டாலோ ஈடு கொடுக்கக் காப்பீடு, தோலுக்குள் ஓர் அடையாளச் சிப். எல்லாம் முடித்துத்தான் குட்டி வீட்டுக்குள் வந்தது.

வந்த முதல் ராத்திரியைச் சொல்கிறேன். எட்டு வாரக் குட்டி, அப்போதே ஒன்பது கிலோ. தாயின் வாசம் பட்ட ஒரு துணியையும், அதுவரை தின்றுகொண்டிருந்த தீனியில் ஒரு பையையும் குட்டியை விற்ற வீட்டம்மா கொடுத்தனுப்பியிருந்தார். அவர் (மாப்பிள்ளையைத்தான் சொல்கிறேன்) கூடத்திலேயே கிடக்கட்டும், பழகிவிடும் என்றார். நம் வீட்டிலும் அதுதானே வழக்கம், திண்ணையில் சாக்கை விரித்துப் போட்டு, மூன்று நாள் கத்தினால் அடங்கிவிடும் என்று அம்மா சொல்லுவீர்கள். பதினொரு மணிக்கு ஆரம்பித்தான். கத்தல் இல்லை, தொண்டைக்குள்ளேயே ஒரு கேவல். இரண்டு மணிக்கு என்னால் முடியவில்லை. மெத்தையைக் கீழே இழுத்துவந்து அவன் கூடைக்குப் பக்கத்தில் போட்டுப் படுத்து, கையைக் கூடைக்குள் தொங்கவிட்டேன். மூக்கால் விரல் விரலாக முகர்ந்தான். பிறகு தாடையை என் மணிக்கட்டின் மேல் வைத்து ஒரு பெருமூச்சு விட்டான். அவ்வளவுதான், தூங்கிவிட்டான். என் கை மரத்துப்போனது, எடுக்க மனசு வரவில்லை.

அதிலிருந்து மூன்று வாரம் கூடத்தில்தான் படுத்தேன். பக்கத்தில் படுத்ததில் இன்னொரு வசதியும் இருந்தது. அவன் புரண்டு எழுந்ததும் தெரிந்துவிடும், உடனே தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடலாம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் என்று ஒவ்வொரு தடவையும் வெளியே கொண்டுபோனால், வீட்டுக்குள் மூத்திரம் போவது தானாகக் குறைகிறது. அடிக்கவோ, மூக்கைத் தேய்க்கவோ வேண்டியதே இல்லை. தம்பிக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள். சாக்குத் திண்ணையில் வேண்டாம், முதல் சில வாரமாவது அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

அம்மா, நீங்கள் கொடுத்தனுப்பிய பவானி ஜமுக்காளம் ஐந்து வருஷமாக அலமாரியில் மடித்தபடியே இருந்தது அல்லவா. இப்போது கூடம் முழுக்க அதுதான். இங்கே தரை வழுவழுப்பான பலகை. மிளகு ஓடிவந்து நிற்கப் பார்த்தால் பின்னங்கால் இரண்டும் தவளை மாதிரி விரிந்து போய்விடும். கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, முதலில் தரைக்கு ஏதாவது விரியுங்கள் என்றார். ஜமுக்காளத்தை விரித்த அன்றைக்கே கால் ஊன்றி நடந்தான். ஒரு மூலையைக் கடித்துக் குதறிவிட்டான், சிவப்பு நூல் பிரிந்து தொங்குகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த மருத்துவர் வேறொரு நாயின் எக்ஸ்ரே படத்தைக் காட்டி விளக்கினார். பெரிய ஜாதிக் குட்டிக்கு உடம்பு வேகமாக வளரும், எலும்பும் மூட்டும் முற்றி இறுக ஒன்றரை வருஷம் வரைகூட ஆகும். அதுவரை நீண்ட ஓட்டம் கூடாது, உயரத்திலிருந்து குதிக்கக் கூடாது, படி ஏறி இறங்குவதைக் கூடிய மட்டும் தவிர்க்க வேண்டும். எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவு போட்டிருக்கிறோம். தீனியும் அப்படித்தான், கொழுகொழுவென்று ஆக்கக் கூடாது. கையால் தடவினால் விலா எலும்பு தட்டுப்பட வேண்டும். கால்சியம் தனியாகக் கொடுக்கவே கூடாது என்றார். பெரிய நாய்க் குட்டிகளுக்கென்று விற்கும் தீனியில் அளவாகப் போட்டிருக்கிறார்கள். குட்டியின் குடலுக்கு அதிகமானதைச் சரியாகத் தள்ளிவிடத் தெரியாது, வேண்டியதற்கு மேலும் உறிஞ்சிக்கொள்ளும், எலும்பு கோணலாகலாம்.

அப்பா, அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு ராஜாவின் ஞாபகம்தான் வந்தது. இடுப்புக் கிண்ணத்தில் தொடை எலும்பின் தலை சரியாக உட்காராமல் பாதி வெளியே நின்றது. எழுந்திருக்கும்போது பின்பக்கம் தள்ளாடும், இரண்டு பின்னங்காலையும் சேர்த்து முயல் மாதிரி தாவும், குளிர்காலத்தில் மோசமாகும் என்றார். ராஜாவைப் பார்த்தவர் சொல்வது போலவே இருந்தது. மார்கழியில் அவன் களத்து மேட்டில் ஏற முடியாமல் நின்று நம்மைப் பார்ப்பானே.

களத்தில் காப்பிப் பழத்தைக் கலைத்தான் என்று அன்றைக்குக் குச்சியால் அடித்தீர்கள். அதனால்தான் கால் போச்சு என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை அப்பா. இது பெற்றோர் வழியாக வருவது. அல்சேஷனுக்கு ரொம்பச் சகஜம். இங்கே நல்ல வளர்ப்பாளர்கள் தாய் தகப்பன் இடுப்பைப் படமெடுத்துச் சான்று வாங்கிய பிறகுதான் இணை சேர்க்கிறார்கள். மிளகின் பெற்றோர் சான்றை நானே பார்த்தேன். நாம் செய்த தப்பு வேறு. கடையில் வாங்கிய கால்சியம் டானிக்கை வேளாவேளைக்கு ஊற்றினோம், குண்டாக இருந்தால் அழகு என்று தின்னவிட்டோம், ஆறு மாதத்திலேயே நாகலூர் ரோட்டில் ஜீப்புக்குப் பின்னால் ஓடவிட்டுக் கைதட்டினோம். கைதட்டியவர்களில் நானும் உண்டு. யாருக்கும் தெரியாது அப்போது. ஆனால் அந்தக் குச்சிக்கும் அவன் இடுப்புக்கும் சம்பந்தமே இல்லை. இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

சரி, தம்பிக்கு. முப்பது நாற்பது நாளில் குட்டியைப் பிரித்து விற்பார்கள், வாங்காதே. எட்டு வாரமாவது தாயோடு இருக்கட்டும், கடித்தால் வலிக்கும் என்பதை அது கூடப்பிறந்த குட்டிகளிடம்தான் கற்றுக்கொள்ளும். போய்த் தாயைப் பார். வெள்ளை ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டிகள் நிறையப் பிறக்கும். ஒவ்வொன்றாகத் தனியே பிரித்து வைத்து, அது பார்க்காதபோது பின்னாலிருந்து கைதட்டிப் பார். கூட்டமாக இருந்தால் மற்றதைப் பார்த்துத் திரும்பிவிடும், தெரியாது. தடுப்பூசி எல்லாம் முடியும்வரை தெரு நாய்கள் திரியும் இடத்தில் தரையில் விடாதே, பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் குட்டி தாங்காது. வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில். ஆனால் அதுவரை வீட்டுக்குள்ளேயே பூட்டியும் வைக்காதே. தூக்கிக்கொண்டே போய் ஜீப் சத்தம், பஸ் ஹாரன், பறிக்க வரும் ஆட்கள், குடை, தலையில் மூட்டை வைத்தவர்கள் எல்லாம் காட்டு. மூன்று மாதத்துக்குள் பார்த்துப் பழகியதுக்குப் பிற்பாடு அவ்வளவாகப் பயப்படாது.

களத்துப் பக்கம் தனியாக விடாதே. குட்டி எதையும் வாயில் போடும், காப்பியில் இருக்கும் காஃபீன் நாய்க்கு விஷம். வெங்காயம், பூண்டு, திராட்சையும் ஆகாது, அதனால் அம்மா சாம்பார் சாதம் பிசைந்து வைக்க வேண்டாம். சாப்பாட்டை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடு, சாப்பிட்டதும் ஓடவிடாதே. நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளலாம், அப்படி ஆனால் சில மணி நேரத்தில் உயிரே போய்விடலாம். வயிறு வீங்கி, வாந்தி எடுக்க முயன்றும் வராமல் தவித்தால், காத்திராமல் சேலத்துக்கு இறங்கிவிடு. இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, மறக்காதே.

இங்கே மணி நாலரைக்கே இருட்டிவிட்டது. மிளகு இப்போது பதினாலு வாரம், இருபது கிலோ. ஒரு நாளில் முக்கால்வாசி தூங்குகிறான், தூங்கும்போது எழுப்பாதே என்று பாப்பாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். பால் பல் விழ ஆரம்பித்தால் ஒன்றை எடுத்து வைப்பாளாம், தாத்தாவுக்கு அனுப்ப.

அப்பா, தம்பி குட்டி பார்க்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். கைதட்டிப் பார்ப்பதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்