கண்ணாடிக்கும் ஒரு சங்கம்

பிட்ஸ்பர்க்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, பிசியோதெரபிக்கு நீயே நடந்து போய் வருகிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. மாடிப்படி ஏறுவதை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போடு. மொட்டை மாடி எங்கேயும் ஓடிவிடாது. இங்கே நாங்கள் சௌக்கியம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு, புளியோதரை வாங்கிக்கொண்டு வருகிறோம்.

"கண்ணாடிப் பாத்திரத்துக்குக்கூடவா சங்கம் வைப்பார்கள்?" என்று கேட்டிருந்தாய். இத்தனை வருடமாக நாணயச் சங்கத்தில் இருக்கும் நீ இப்படிக் கேட்கலாமா? சரி, கேட்டுவிட்டாய். விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நான் சேர்ப்பது பேட்டர்ன் கிளாஸ். காய்ச்சிய கண்ணாடிக் குழம்பை இரும்பு அச்சுக்குள் விட்டு, மேலிருந்து நெம்புகோலை இழுத்து அழுத்தி எடுத்த பாத்திரங்கள். அதற்கு முன்னால், ஊதிச் செய்து சக்கரத்தில் வெட்டி வேலைப்பாடு செய்த கண்ணாடி வசதியானவர்கள் வீட்டுக்குத்தான் போகும். 1820-களில் அமெரிக்காவில் இந்த அழுத்தும் முறை பிடிபட்டது. ஆரம்பக் காப்புரிமைகளில் ஒன்று எங்கள் ஊர்க்காரருடையது. மேசை, அலமாரிகளுக்குக் கண்ணாடிக் குமிழ் செய்வதற்காக 1825-இல் ஜான் பேக்வெல் வாங்கினார். அதே வருடம் மாசசூசெட்ஸில் சாண்ட்விச் என்ற கடலோர ஊரில் டெமிங் ஜார்வ்ஸ் தொழிற்சாலை தொடங்கினார். பிறகு அந்த ஊர்ப் பெயரே பழைய கண்ணாடிக்கெல்லாம் பெயராகிவிட்டது.

அந்த முதல் காலத்துத் தட்டுகளில் வெறும் இடம் என்பதே இருக்காது. அச்சு போதிய சூடாக இல்லாவிட்டால் கண்ணாடியின் மேல் சுருக்கம் விழும். குழம்பைக் கத்தரியால் வெட்டிவிட்ட இடத்தில் தழும்பு தெரியும். அதெல்லாம் கண்ணில் படாமலிருக்கப் பின்னணி முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி வைத்து நிரப்பினார்கள். குறையை மறைக்கச் செய்த வேலைதான் அந்தக் காலத்துக்கே அழகாகிவிட்டது. லேஸ் துணி மாதிரி இருப்பதால் 'லேசி' என்பார்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது, உள்ளங்கையில் அடங்கும் கப் பிளேட். அப்போது இங்கே டீயைச் சாசரில் ஊற்றி ஆற்றி, சாசரிலிருந்தே குடிப்பார்களாம். நம் டம்ளர் டவரா கணக்குத்தான். அப்போது ஈரக் கோப்பையை எங்கே வைப்பது? மேசை விரிப்பில் கறை படாமலிருக்க இந்தக் குட்டித் தட்டு. பங்கர் ஹில் நினைவுத் தூண், தேர்தலில் நின்ற ஹென்றி கிளேயின் முகம், நீராவிக் கப்பல் என்று என்னென்னவோ அதில் பதித்திருக்கிறார்கள். தினம் டீ குடிக்கும் வீட்டில் நாட்டு நடப்பும் மேசைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தப் பழைய கண்ணாடியில் ஈயம் சேர்ந்திருக்கும். கனமாக இருக்கும், விரலால் சுண்டினால் மணி அடித்ததுபோல் ஒலி நீண்டு நிற்கும். சேகரிப்பவர்கள் அதை 'ஃபிளிண்ட்' என்பார்கள். 1864-இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த சமயம், இங்கிருந்து தென்மேற்கே ஓஹையோ நதிக்கரையில் இருக்கும் வீலிங் ஊரில் வில்லியம் லெய்டன் என்பவர் ஈயத்தை விட்டுவிட்டு சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளிவான கண்ணாடிக்குப் பக்குவம் கண்டுபிடித்தார். எடை குறைவு, விலை மலிவு, சீக்கிரம் இறுகும். ஒலி மட்டும் வராது. அப்புறம் பிடித்தது பார், வேகம்! பென்சில்வேனியா, ஓஹையோ, மேற்கு வர்ஜீனியா முழுக்கத் தொழிற்சாலைகள். விவசாயி வீட்டிலும் ரயில்வே தொழிலாளி வீட்டிலும் ஒரே டிசைனில் மேசை செட் வாங்க முடிந்தது.

செட் என்றால் நான்கு: மூடி போட்ட வெண்ணெய்ப் பாத்திரம், சர்க்கரைக் கிண்ணம், பாலேடு ஊற்றும் க்ரீமர், ஸ்பூனர். இந்த ஸ்பூனர்மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம். ஸ்பூன்களை நிற்க வைத்து மேசை நடுவில் வைக்கிற குவளை, அவ்வளவுதான். ஸ்பூன் வைத்திருப்பதே கௌரவமாக இருந்த காலம். செலரி என்ற கீரைத் தண்டுக்கும் அப்படித்தான், உயரமான ஜாடியில் பூச்செண்டு மாதிரி நிறுத்தி வைப்பார்கள், வந்தவர்கள் பார்க்கட்டும் என்று. அந்தப் பழக்கங்கள் போய்விட்டன, பாத்திரங்கள் தங்கிவிட்டன. ஒரு வீட்டில் எதைப் பெருமையாக நினைத்தார்கள் என்று எந்தச் சரித்திரப் புத்தகத்தையும்விட இவை எனக்கு நன்றாகச் சொல்கின்றன.

உனக்கென்றே ஒரு விஷயம் எடுத்து வைத்திருக்கிறேன். 1892-இல் வீலிங்கில் அசல் அமெரிக்க வெள்ளி நாணயங்களையே அச்சில் பதித்து ஒரு பேட்டர்ன் செய்தார்கள். டாலர், அரை டாலர், கால் டாலர் எல்லாம் அச்சு அசலாகக் கண்ணாடியில் புடைத்து நிற்கும், நாணயத்தின் பரப்பு மட்டும் பனி படிந்ததுபோல் மங்கலாக. நாட்டின் நாணயச் சாலை தொடங்கி நூறாவது வருடம் அது. சில மாதத்துக்குள் அரசாங்கம் குறுக்கிட்டது, நாணயத்தை இப்படி நகல் எடுப்பது கள்ள நாணயச் சட்டத்துக்குள் வருகிறது என்று. உடனே அச்சை மாற்றி, கொலம்பஸ், அமெரிகோ வெஸ்புச்சி முகங்களைப் போட்டு விற்றார்கள். கொலம்பஸ் வந்து நானூறு வருடம் ஆன சமயமாகையால் அதுவும் பொருந்திவிட்டது. நிறுத்தப்பட்ட அந்த 'யு.எஸ். காயின்' இப்போது விலை கேட்கவே முடியாத உயரத்தில் இருக்கிறது. வீலிங்கில் ஓகிள்பே கண்ணாடி அருங்காட்சியகம் இருக்கிறது. நீ இங்கே வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப் போவேன்.

இனி சங்கத்துக்கு வருகிறேன். எர்லி அமெரிக்கன் பேட்டர்ன் கிளாஸ் சொசைட்டி 1994-இல் தொடங்கியது. ஓரிடத்தில் கூடி விலை பேசும் கூட்டம் என்று நினைக்காதே. எந்தப் பேட்டர்ன், யார் செய்தது, எந்த வருடம், எந்தெந்த வடிவங்களில் வந்தது என்று நிரூபிப்பதுதான் இதன் உயிர். ஏனென்றால் பெரும்பாலான பாத்திரங்களில் செய்தவரின் முத்திரையே கிடையாது. 1931-இல் ரூத் வெப் லீ புத்தகம் எழுதி இவற்றை வகைப்படுத்தினார். அவருக்குப் பின்னால் மின்னி வாட்சன் காம், க்ரீமர்களையும் ஜாடிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து விவரித்து எட்டுப் புத்தகம் போட்டார். நாம் இன்று சொல்லும் பெயர்களில் பல அப்படிச் சேகரிப்பவர்கள் வைத்தவை. 'மூன் அண்ட் ஸ்டார்' என்று எல்லோரும் சொல்வதை இங்கே பிட்ஸ்பர்க்கில் செய்த ஆடம்ஸ் கம்பெனி 'பேலஸ்' என்று விற்றது. 'வெஸ்ட்வர்ட் ஹோ' பிலடெல்பியாவின் கில்லிண்டர் கம்பெனியில் 'பயனீர்'. இப்படி ஒன்றை உறுதிசெய்ய வியாபாரப் பட்டியல்களையும், பழைய தொழிற்சாலை நிலத்தில் தோண்டிய சில்லுகளையும், டிசைன் காப்புரிமைகளையும் வைத்து வருடக்கணக்கில் உட்காருவார்கள். சம்பளம் கிடையாது. நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தின் நூலகத்தில் அந்தப் பட்டியல்களைப் புரட்டுவதற்காகவே லீவு போட்டுப் போகிறவர்கள் உண்டு.

தனியாகச் சேர்த்தால் என்ன குறை என்று ஆரம்பத்தில் எனக்கும் தோன்றியதுதான். கடையில் பார்த்தோம், பிடித்தது, வாங்கினோம். ஆனால் கையில் எடுத்துப் பார்க்கக் கற்றுக்கொள்வது தனியாக நடக்காது வசந்தி. 'த்ரீ ஃபேஸ்' என்று ஒரு பேட்டர்ன். 1878 வாக்கில் பிட்ஸ்பர்க்கின் ஜார்ஜ் டங்கன் கம்பெனி செய்தது. தண்டில் மூன்று பெண் முகங்கள் மங்கிய வெள்ளையில் இருக்கும். வடிவமைத்த ஜான் எர்னஸ்ட் மில்லரின் மனைவி முகம்தான் அது என்று சொல்வார்கள். 1930-களிலிருந்தே இதற்கு நகல்கள் வந்துகொண்டிருக்கின்றன. சங்கத்தின் மூத்த உறுப்பினரான ஒரு அம்மாள் பழையதையும் நகலையும் என் இரண்டு கைகளிலும் கொடுத்துக் கண்ணை மூடச் சொன்னார். பழையதில் முகத்தைத் தடவினால் வழவழவென்று இருக்கும், விரல் நழுவும். நகலில் சுண்ணாம்புபோல் சொரசொரப்பு. அப்புறம் அடிப்பாகத்தைக் கவிழ்த்து விளக்கில் காட்டினார். நூறு வருடம் மேசையில் நகர்ந்த பாத்திரத்தின் அடியில் நுண்ணிய கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும். உப்புத்தாளில் தேய்த்துப் பழசாக்கியதில் எல்லாம் ஒரே பக்கமாக இருக்கும். அன்று விரல் பழகியது பழகியதுதான்.

அந்த அம்மாள் இந்த மே மாதம் காலமானார். தொண்ணூறைத் தாண்டியவர், ஓஹையோவில் ஒரு பண்ணை வீடு. என் உச்சரிப்பையோ நிறத்தையோ ஒரு நாளும் கவனித்ததாகக் காட்டாமல், முதல் நாளிலிருந்தே "வா, இதைப் பிடி" என்று கையில் கொடுத்துச் சொல்லித் தந்தவர். அவர் குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் நாங்கள் சிலர் போய்ச் சேகரிப்பைக் கணக்கெடுத்தோம். ஒவ்வொரு பாத்திரத்துக்குள்ளும் ஒரு சின்ன அட்டை. எங்கே வாங்கியது, யாரிடம், என்ன விலை, விளிம்பில் எங்கே சிதறல், அந்த வீட்டில் அது எதற்குப் பயன்பட்டது, எல்லாம் பென்சிலில். அட்டை இல்லாத கண்ணாடி வெறும் கண்ணாடி, அட்டையோடு சேர்ந்தால்தான் அது ஒரு குடும்பத்தின் சொத்து. அதனால் பாத்திரங்களைக் கட்டுவதற்கு முன்னால் அட்டைகள் அத்தனையையும் படம் எடுத்துச் சங்கத்தின் ஆவணத்தில் சேர்த்தோம். மகள் வைத்துக்கொண்டது விலை உயர்ந்த எதையும் அல்ல, சமையலறை மேசையில் தினம் ஸ்பூன் நின்ற ஸ்பூனரைத்தான். மீதி ஏலத்துக்குப் போனது.

ஏலத்தில் விலைகள் மிகவும் இறங்கிவிட்டன. ஒரு காலத்தில் போட்டி போட்டு வாங்கிய காப்லெட்டுகளை, அதாவது தண்டு வைத்த கோப்பைகளை, இப்போது பெட்டியோடு சேர்த்துக் கேட்கிறார்கள். கனமான பழைய மேசைச் சாமான்கள் இளையவர்கள் வீட்டில் இடம் பிடிப்பதில்லை. விற்கிறவர்களுக்கு இது வருத்தம், எனக்கும் உண்டு. ஆனால் என் பார்வையில் ஒரு நல்லதும் நடக்கிறது. கல்லூரிப் பெண் ஒருத்தி ஐந்தாறு டாலருக்கு 1880-களின் காப்லெட் வாங்கி, அதில் தினம் தண்ணீர் குடிக்கிறாள். தொடங்கியதே ஏழை எளிய மேசைக்காகத்தானே? இப்படிச் சேர்ந்தவர்கள் போன கூட்டத்துக்கு மூன்று நான்கு பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்கு விலை முக்கியமில்லை, யார் செய்தது என்று கேட்கிறார்கள்.

எனக்குக் கோபம் வருவது ஒரே விஷயத்தில்தான். அந்தக் காலக் கண்ணாடியில் பச்சை நிறத்தைப் போக்க மாங்கனீஸ் சேர்ப்பார்கள். வருடக்கணக்கில் வெயில் பட்டால் அது மெல்ல ஊதாவாகும். சில வியாபாரிகள் கதிர்வீச்சு கொடுத்து ஒரே மூச்சில் கத்தரிப்பூ நிறத்துக்குக் கொண்டுவந்து 'அபூர்வம்' என்று விற்கிறார்கள். தெளிவாக இருப்பதற்காகவே அவ்வளவு பாடுபட்ட கண்ணாடியை இப்படிக் கெடுப்பது எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. அச்சிலிருந்து எடுத்த பாத்திரத்தைச் சூளைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் சிறுவர்கள். 1908-இல் லூயிஸ் ஹைன், குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக இண்டியானாவிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் அந்தப் பையன்களைப் படம் எடுத்தார். நள்ளிரவுப் பணியில் எடுத்த படங்களும் அதில் உண்டு. போன கூட்டத்தில் அதில் சிலவற்றைத் திரையில் போட்டோம். அழகைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்த கூட்டம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லாமல் இருந்தது. நம் சிவகாசியை நினைத்தேன். செய்தவர் பெயரைத் தேடுகிற சங்கம் இந்தப் பையன்களையும் தேட வேண்டும் என்று எழுந்து சொன்னேன். அடுத்த வருடக் கூட்டத்தில் அதற்கென்று ஒரு அமர்வு வைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நான்தான் பேச வேண்டுமாம், இப்போதிருந்தே படித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த அம்மாளின் வீட்டிலிருந்து வந்ததிலிருந்து நானும் அட்டை எழுத ஆரம்பித்துவிட்டேன். என் பிள்ளைகளுக்கு இதில் ஆர்வமில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அவர்கள் வைத்துக்கொண்டே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தப் போவதில்லை. எது அருங்காட்சியகத்துக்கு, எது சங்கத்தின் ஏலத்துக்கு, எது அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கு என்று ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் குறித்து வைக்கிறேன்.

உன் பாண்டியர் காசுகளுக்கு நீ என்ன யோசித்து வைத்திருக்கிறாய்? மருமகள் நாணயக் கண்காட்சிக்கு உன்னோடு வந்தாள் என்று எழுதியிருந்தாயே, அவளுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருக்கிறதா, இல்லை உனக்காக வந்தாளா? எதை எந்த ஊர்ச் சந்தையில் வாங்கினாய் என்பதெல்லாம் இன்னும் உன் தலைக்குள்தான் இருக்கிறது என்றால் உடனே ஒரு நோட்டுப் போடு. கால் சரியாகும் வரை எப்படியும் வீட்டில்தானே இருக்கப் போகிறாய்.

பதில் எழுது. அண்ணாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் சாரதா